தீவனத்தில் நல்ல பாக்டீரியா: நாலு வருஷம் கலந்து பார்த்ததில்

வேதாரண்யம் பக்கம் இரண்டு குளத்தில் வன்னாமி இறால் வளர்க்கிறேன். தீவனத்தில் குடல் புரோபயாடிக், அதாவது இறாலின் குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா பொடி, கலக்கத் தொடங்கி நாலு வருஷம் ஆகிறது. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வாங்கலாம், ஆனால் மருந்து என்று நினைத்து வாங்காதீர்கள்.

முதல் தடவை நான் அப்படித்தான் ஏமாந்தேன். 50 நாள் தாண்டியதும் இறாலுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய். காற்று ஒதுக்கிய மூலையில் கழிவு வெள்ளை நூல் நூலாக மிதந்தது. ஓடிப்போய் பாக்கெட் வாங்கி இரண்டு மடங்கு கலந்தேன். இறால் தீவனத்தையே தொடாதபோது அதில் எதைக் கலந்து என்ன? லேபில் பார்த்தால் இஎச்பி என்ற நுண்ணிய ஒட்டுண்ணி. அதை பாக்கெட்டில் இருக்கும் பேசில்லஸ் பாக்டீரியா விரட்டாது என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்த கல்ச்சரில் (வளர்ப்புச் சுற்றில்) 20ஆம் நாளே ஆரம்பித்தேன். பேசில்லஸ் சப்டிலிஸும் லைக்கனிஃபார்மிஸும் உள்ள பொடி, கிலோ தீவனத்துக்கு 5 கிராம். கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, தீவனத்தில் பிசறி, பொடி ஒட்டி நிற்க மேலே ஜெல் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்த வேண்டும். காசு மிச்சம் பிடிக்க ஒரு வாரம் ஜெல்லை விட்டேன். போட்ட பொடி அத்தனையும் தண்ணீரில் கரைந்து போனதுதான் மிச்சம்.

பலன் செக் ட்ரேயில், அதாவது தீவனத்தையும் இறாலையும் பார்க்கக் குளத்தில் இறக்கும் தட்டில்தான் தெரிகிறது. இறாலின் குடல் கோடு நடுவில் அறுபடாமல் வால்வரை நிறைந்திருக்கும். குடலில் எடுத்த மாதிரியை டிசிபிஎஸ் என்ற லேப் தட்டில் வளர்த்தபோது பச்சைக் காலனிகள், அதாவது நோய் தரும் என்று நாம் பயப்படும் விப்ரியோ பாக்டீரியா வகை, கலக்காத குளத்தைவிடக் குறைவாக இருந்தன. கவுண்டில் (கிலோவுக்கு எத்தனை இறால் என்பதில்) பெரிய மாற்றம் இல்லை. தீவனம்தான் மிச்சமானது: ஒரு கிலோ இறாலுக்கு 1.5 கிலோ தின்றது, 1.4க்கு வந்தது. பொடியும் ஜெல்லும் போக அதில் கையில் நிற்பது கொஞ்சம்தான்.

ஐப்பசி மழையில் குளத்துத் தண்ணீரின் உப்பு சட்டென்று இறங்கிய இரவுகளில் இந்தப் பொடி எதுவும் செய்யவில்லை. தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஓடியதால் பிழைத்தோம்.

பாக்கெட்டிலும் கவனம் வேண்டும். ஒரு கம்பெனி (பெயர் வேண்டாம்) எழுதியிருந்த பாக்டீரியா எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட லேப் கணக்கு வரவில்லை. இப்போது கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவு எண்ணைப் பார்த்துத்தான் வாங்குகிறேன். சின்ன பாக்கெட்டாக, பதினைந்து நாளில் தீருகிற அளவுக்கு.