பழைய பில்லிங் புரோகிராமும் விண்டோஸ் 11-ம்: கணக்குக் கோப்பை எங்கே வைப்பது?

குலசேகரத்தில் சித்தப்பாவுக்கு ரப்பர் ஷீட் வாங்கும் கடை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் விபி6-ல் (விஷுவல் பேசிக் 6 என்ற பழைய நிரல்மொழி) எழுதி வாங்கிய பில்லிங் புரோகிராம்தான் இன்றைக்கும் ஓடுகிறது. ஷீட், ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்துபோன பால்), பால்வெட்டு இல்லாத மழை மாதங்களில் தோட்டக்காரர்களுக்குக் கொடுத்த முன்பணம், எல்லாம் ஒரே ஒரு எம்டிபி கோப்பில் (மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் வகைத் தரவுக் கோப்பு). பழைய கணினியின் ஹார்டு டிஸ்க் போனதும் விண்டோஸ் 11 வாங்கி, வழக்கம்போல, புரோகிராம்களுக்கென்று விண்டோஸ் வைத்திருக்கும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் நிறுவினேன். நன்றாகவே ஓடியது.

பன்னிரண்டாம் நாள் கடைப் பெயரின் கீழ் உள்ள முகவரியை மாற்ற, 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்து, அதாவது அட்மின் என்ற முழு உரிமையோடு, திறந்து அப்படியே விட்டுவிட்டேன். கணக்கு எழுதும் அக்கா வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நான் எழுதின பில்லு ஒண்ணும் இதில காணல்லயே."

பதினோரு நாள் பில். சனிக்கிழமை பென் டிரைவில் எடுத்த காப்பியைத் திறந்தால் அதிலும் இல்லை. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

பில்கள் அழியவில்லை, வேறு இடத்தில் இருந்தன. 2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, சாதாரணமாகத் திறக்கும் புரோகிராம் எதுவும் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத முடியாது. ஆனால் பழைய 32 பிட் புரோகிராம்கள் அங்கேதான் எழுதும். அவை உடைந்துபோகாமல் இருக்க, விண்டோஸ் அந்தக் கோப்பைப் பயனரின் ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்ற மறைவான ஃபோல்டருக்குள் நகலெடுத்து, அதில் எழுத விடுகிறது. புரோகிராமுக்கு இது தெரியாது. அட்மினாகத் திறந்தால் இந்தத் திருப்பிவிடல் கிடையாது. அசல் கோப்பே தெரியும். ஆக ஒரே புரோகிராமுக்கு இரண்டு கணக்கு.

இந்த விர்ச்சுவல்ஸ்டோரை அப்படியே விட்டுவிடுவது முதல் வழி. ஒன்றும் செய்ய வேண்டாம், பாஸ்வேர்டும் கேட்காது. ஆனால் ஒவ்வொரு விண்டோஸ் பயனருக்கும் தனித்தனி நகல் உருவாகும். இது தற்காலிக ஏற்பாடு என்று மைக்ரோசாஃப்டே சொல்லி வந்திருக்கிறது.

எப்போதும் அட்மினாகத் திறப்பது இரண்டாவது. தினமும் ஒரு 'யெஸ்' கேள்வி, கடையில் எல்லாருக்கும் அட்மின் பாஸ்வேர்டு. வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, புரோகிராம் இருக்கும் ஃபோல்டரில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் 'யூசர்ஸ்' குழுவுக்கு 'மாடிஃபை' உரிமை கொடுப்பது. எம்டிபி கோப்புக்கு மட்டும் கொடுத்தால் போதாது. திறக்கும்போது அதே ஃபோல்டரில் எல்டிபி என்ற பூட்டுக் கோப்பும் உருவாக வேண்டும். இது நல்ல வழிதான். ஆனால் ஃபோல்டரை அழித்து மறுபடி நிறுவினால் அந்த உரிமை போய்விடும், திரும்பவும் சத்தமில்லாமல் விர்ச்சுவல்ஸ்டோருக்கே எழுத ஆரம்பிக்கும்.

நான் செய்தது நான்காவது: புரோகிராமையே சி டிரைவில் நேரடியாக ஒரு தனி ஃபோல்டர் போட்டு அங்கே நிறுவினேன். அங்கே புதிதாக உருவாக்கும் ஃபோல்டரில் சாதாரணப் பயனர்களுக்கும் எழுதும் உரிமை இயல்பாகவே உண்டு. ஃபோல்டர் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழ் எழுத்துள்ள பாதை விபி6 புரோகிராம்களுக்குப் பல நேரம் ஒத்துவராது.

இதை நான் தேர்ந்தெடுக்க ஒரே காரணம் காப்பி எடுப்பது. சனிக்கிழமை சாயங்காலம் கடை பூட்டும் அவசரத்தில் பென் டிரைவ் செருகுவது நான் இல்லை, அக்காவோ சித்தப்பாவோதான். மறைவான ஃபோல்டர், எந்தப் பயனர் என்றெல்லாம் போனில் விளக்க முடியாது. "சி டிரைவைத் திறங்க, கடை பேரில இருக்கிற ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போடுங்க" என்றால் முடிந்தது. புரோகிராமை மூடியபிறகு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். கணினி போனால் வேறொன்று வாங்கலாம். தோட்டக்காரர் வாங்கிய முன்பணத்தின் கணக்கு போனால் யாரிடம் போய்க் கேட்பது?

குறையும் உண்டு. யாரும் எழுதக்கூடிய ஃபோல்டரில் புரோகிராமை ஓட்டும் இஎக்ஸ்இ கோப்பு இருந்தால் வைரஸும் அதை மாற்ற முடியும். மூன்றாவது வழிக்கும் இதே ஆபத்துதான். சில புரோகிராம்களில் புரோகிராம் ஃபைல்ஸ் பாதையையே உள்ளே எழுதி வைத்திருப்பார்கள். அவற்றை நகர்த்த முடியாது, மூன்றாவதுதான் கதி. எங்கள் கடையில் ஒரே கணினி. நாலைந்து கணினிகள் ஒரே கோப்பைப் பகிரும் இடத்துக்கு என் அனுபவம் போதாது.

மாற்றுவதற்கு முன் விர்ச்சுவல்ஸ்டோரில் உள்ள எம்டிபியின் கடைசித் தேதியைப் பாருங்கள். உண்மையான கணக்கு அதில்தான் இருக்கும், அதைத்தான் புது இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்றாவது வழியில் போகிறவர்கள் கோப்பை அசல் இடத்தில் வைத்தபின் விர்ச்சுவல்ஸ்டோர் நகலை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும். இருந்தால் புரோகிராம் அதைத்தான் முதலில் படிக்கும். நான் அந்த நகலை அழிக்காமல் பெயர் மாற்றி, தேதி போட்டுத் தனியாக வைத்திருக்கிறேன்.