போகிமான் ஷோடவுன்: கார்சாம்ப்பை அதன் எல்லாக் காலத்திலும் ஆடிப் பார்க்க

கார்சாம்ப் என்ற போகிமானின் அடிப்படை எண்கள் 2006-இல் ஜப்பானில் டயமண்ட், பேர்ல் விளையாட்டுகள் வெளிவந்த நாளிலிருந்து இன்றுவரை மாறவே இல்லை. எச்பி (உயிர்ப் புள்ளி) 108, அட்டாக் 130, டிஃபென்ஸ் 95, ஸ்பெஷல் அட்டாக் 80, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 85, ஸ்பீட் 102, ஆக மொத்தம் 600. டிராகன், கிரவுண்ட் என்ற இரட்டை வகையும் அப்படியே. ஆனால் இதே கார்சாம்ப் ஒரு காலத்தில் தடைசெய்யப்பட்டது, பிறகு திரும்பி வந்தது, அடிப்பதை விட்டுவிட்டு அடிவாங்கி நிற்கும் வேலைக்கு மாறியது, இப்போது எதிராளி இறங்கும் இடத்தில் முள் பரப்பும் ஸ்பைக்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறது. எண் மாறாமல் மதிப்பு மட்டும் ஏன் மாறியது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஆடித் தெரிந்துகொள்வது நல்லது. அதற்கு இன்று இருக்கிற சிறந்த இடம் போகிமான் சண்டைகளை மட்டும் ஆடும் இணையதளமான போகிமான் ஷோடவுன். இந்த விமர்சனம் அந்த ஒரு பயனை மட்டும் வைத்து எழுதப்பட்டது.

ஷோடவுன் 2011-இல் ஸாரெல் என்ற பெயரில் அறியப்படும் புரோகிராமர் தொடங்கியது. பிரௌசரில் ஓடும், காசு கிடையாது. மதுரையில் நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவி வாங்குவதென்றால் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்குதான். விலையும் அதற்கேற்றபடி இருக்கும். அதை வாங்கினாலும் டிஎஸ், 3டிஎஸ் கருவிகளில் வந்த பழைய தலைமுறைகளை (தலைமுறை என்பது ஒரே காலத்தில் வந்த விளையாட்டுகளின் தொகுதி) ஆட முடியாது. டிஎஸ் கருவிக்கான நிண்டெண்டோவின் இணைய சேவை 2014 மே மாதமே மூடப்பட்டது, 3டிஎஸ் இணைய ஆட்டம் 2024 ஏப்ரலில் நின்றது. அதாவது கார்சாம்ப் கொடிகட்டிப் பறந்த, டயமண்ட், பேர்ல் அடங்கிய நான்காம் தலைமுறையில் இன்று முன்பின் தெரியாத ஒருவரோடு ஆட வேண்டுமானால் அதிகாரபூர்வ வழி எதுவும் மிச்சமில்லை. ஷோடவுனில் ஒன்பது தலைமுறையும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. சாதாரண ஆண்ட்ராய்டு போனே போதும்.

முதலில் ஒரு பெயர் தேர்ந்தெடுத்து, கையோடு பாஸ்வேர்டும் வைத்துவிடுங்கள். டீம் பில்டரில் ஃபார்மட்டை, அதாவது தலைமுறையையும் விதிப் பிரிவையும், தேர்ந்த பிறகே போகிமானைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தலைமுறையில் இல்லாத மூவ்களையும் காட்டிக் குழப்பும். பலரும் மாட்டிக்கொள்கிற இடம் வேறொன்று. டீம்கள் வழக்கமாகப் பிரௌசரின் நினைவகத்தில் சேமிக்கப்படுகின்றன. கேஷை அழித்தாலோ, வேறு பிரௌசரில் திறந்தாலோ கட்டியதெல்லாம் காணாமல் போகும். டீம் பில்டரிலேயே பேக்கப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி வருகிற எழுத்துகளை அப்படியே நகலெடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். நான்காம் தலைமுறையிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் 102 என்ற ஸ்பீடின் அருமை அங்கேதான் புரியும். லெவல் 100-இல் ஸ்பீடைக் கூட்டும் ஜாலி நேச்சர் (குணம்), ஸ்பீடில் உச்சமான 252 இவி (பயிற்சிப் புள்ளி) கொடுத்தால் கார்சாம்ப்பின் வேகம் 333. சாலமென்ஸ், ஃப்ளைகான், ஜிராச்சி, செலிபி, ஸாப்டோஸ் என்று 100-இல் நிற்கிற பெரிய கூட்டத்துக்கு உச்ச வேகம் 328. ஐந்தே புள்ளி வித்தியாசம். ஆனால் முதல் அடி எப்போதும் கார்சாம்ப்புடையது. அதன் மேல் ஸ்வார்ட்ஸ் டான்ஸ் ஒரு முறை ஆடினால் அட்டாக் இரட்டிப்பு. பிறகு அவுட்ரேஜும் எர்த்குவேக்கும் சேர்ந்து ஏறக்குறைய எல்லாவற்றையும் அடிக்கும். ஸ்கார்மரி, பிரான்ஸாங் மாதிரி ஸ்டீல் சுவர்களுக்கு ஃபயர் ஃபாங் அல்லது ஃபயர் பிளாஸ்ட். ஐஸ் வகை நான்கு மடங்கு அடிக்குமே என்றால், கையில் பிடிக்கும் யாச்சி பெர்ரி அந்த அடியை ஒருமுறை பாதியாக்கிவிடும். எதிராளி ஐஸ் பீமோடு காத்திருப்பார், அது தாங்கி நிற்கும், திருப்பி அடிக்கும், ஆட்டம் முடிந்துவிடும்.

இதைவிட எரிச்சலூட்டியது சாண்ட் வெயில் என்ற எபிலிட்டி (பிறவித் திறன்). மணல்புயலில் எதிராளியின் துல்லியம் 100-லிருந்து 80 ஆகும். கையில் பிரைட் பவுடரும் இருந்தால் 72. நூறு அடியில் 28 அடி காற்றில் போகும் என்று கணக்கு. டைரானிடாரும் ஹிப்பௌடனும் கொண்டுவரும் மணல் அப்போது ஆட்டம் முடியும்வரை நிற்கும். அடியை வாங்கிக்கொள்ளும் பொம்மையான சப்ஸ்டிட்யூட் போட்டுக்கொண்டே இருந்தால் என்றாவது ஒரு அடி தவறும், அந்த ஒரு திருப்பத்தில் ஸ்வார்ட்ஸ் டான்ஸ். எதிர் டீமை முன்கூட்டியே காட்டும் டீம் பிரிவ்யூவும் அன்று கிடையாது. எதிர்முகாமில் கார்சாம்ப் இருக்கிறதா என்பதே அது இறங்கும்போதுதான் தெரியும். 2008-இல் போட்டி விதிகளை வகுக்கும் ரசிகர் சமூகமான ஸ்மோகன் அதை மிகப் பலமானவற்றுக்கான உபர் பிரிவுக்குத் தள்ளியதில் நியாயம் இருந்தது.

ஆகவே ஜென் 4 ஓயு (நான்காம் தலைமுறையின் வழக்கமான பிரிவு) லாடரில், அதாவது தரவரிசை ஆட்டத்தில், கார்சாம்ப்பை எடுக்க முடியாது. ஜென் 4 உபர்ஸில் எடுக்கலாம், ஆனால் அங்கே கியோகரும் ரேக்வேஸாவும் நிற்கிற இடத்தில் பழைய ஆதிக்கம் தெரியாது. இதற்கு ஷோடவுனில் ஒரு நல்ல வழி இருக்கிறது. நண்பருக்குச் சவால் விடும்போது ஃபார்மட் பெயருக்குப் பின்னால் இடைவெளி விடாமல் @@@ என்று மூன்று குறி, பிறகு + குறி, பிறகு கார்சாம்ப்பின் ஆங்கிலப் பெயர் என்று அடித்தால் அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் தடை நீங்கும். வேறு விதி ஏதாவது தடுத்தால், எது தடுக்கிறது என்று ஷோடவுனே பெயர் சொல்லிக் காட்டும். அந்த விதியின் பெயருக்கு முன்னால் ! குறி போட்டுக் காற்புள்ளியால் பிரித்துச் சேர்த்தால் அதுவும் விலகும். இரண்டு பேர் மாறி மாறிக் கார்சாம்ப்போடும், கார்சாம்ப் இல்லாமலும் ஆடிப் பாருங்கள். தடை ஏன் வந்தது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது.

ஐந்தாம் தலைமுறையில் டீம் பிரிவ்யூ வந்தது, மணல் மட்டும் இன்னும் நிரந்தரம். கார்சாம்ப் மறுபடி தடைக்குப் போனது. பிறகு தடை போகிமான் மேலிருந்து எபிலிட்டி மேல் மாறியது: சாண்ட் வெயில் வெளியே, ரஃப் ஸ்கின்னோடு கார்சாம்ப் உள்ளே. இன்றும் ஜென் 5 ஓயுவில் சாண்ட் வெயில் வைத்தால் டீமை ஏற்காது. சரியான தீர்ப்பு என்றே சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்து வந்த கார்சாம்ப்புக்கு வழிவிட்டதே அந்த ரஃப் ஸ்கின்தான்.

ஆறாம் தலைமுறைதான் இதில் மிகச் சுவையான காலம். ரஃப் ஸ்கின் தொட்டு அடிப்பவரின் எச்பியில் எட்டில் ஒரு பங்கை எடுக்கும். கையில் ராக்கி ஹெல்மெட் இருந்தால் அது ஆறில் ஒரு பங்கு. இரண்டும் சேர்ந்து 24-இல் 7 பங்கு, அதாவது 29 சதவீதத்துக்குச் சற்று மேல். நான்கு முறை தொட்டவர் செத்தார். அலங்காநல்லூர் வாடிவாசலில் மாடு அணைய வருகிறவருக்குத்தான் அடி என்பது மாதிரி, கார்சாம்ப் ஒன்றும் செய்யாமல் நின்றாலே போதும். யு-டர்ன், ரேப்பிட் ஸ்பின் எல்லாமே தொடும் மூவ்கள். ஆட்டத்தின் நடுவே பலம் கூடிய மெகா உருவுக்கு மாறும் கங்காஸ்கான், பேரண்டல் பாண்ட் எபிலிட்டியால் இரண்டு முறை அடிக்கும். இரண்டு முறையும் தொடும். அதன் ஒரே திருப்பத்தில் 58 சதவீதம் போய்விடும்.

இந்த டீமைக் கட்டும்போது எச்பிக்கு 252 கொடுத்தால் 420 வரும். மீதியைப் பெரும்பாலும் டிஃபென்ஸில் போட்டு, நீங்கள் முந்த வேண்டிய ஒரு எதிரியைக் குறித்துக்கொண்டு அதற்கு வேண்டிய அளவு மட்டும் ஸ்பீடில் வையுங்கள். ஸ்டெல்த் ராக் (உள்ளே வருபவரைக் குத்தும் கற்கள்), எர்த்குவேக், டிராகன் டெயில் (எதிராளியை அடித்து வெளியே தள்ளும்), நான்காவதாக டாக்ஸிக் அல்லது ஃபயர் பிளாஸ்ட். இது தோற்பது இரண்டு காரணத்தால். ஒன்று, தன்னைத்தானே குணமாக்கிக்கொள்ள நம்பகமான மூவ் இல்லை. ஒவ்வொரு தாக்குதலுக்கும் இதையே உள்ளே அனுப்பினால் பாதி ஆட்டத்தில் தீர்ந்துபோகும். மற்றது, ஐஸ் பீம், மூன்பிளாஸ்ட் போன்ற ஸ்பெஷல் அடிகள். அவை தொடுவதில்லை, டிஃபென்ஸையும் பார்ப்பதில்லை. ஃபேரி வகை புதிதாக வந்த தலைமுறை அது என்பதை மறக்க வேண்டாம்.

மெகா கார்சாம்ப்பும் அப்போதுதான் வந்தது. அட்டாக் 170, ஸ்பெஷல் அட்டாக் 120. ஆனால் ஸ்பீட் 92-க்கு இறங்கிவிடும். உச்ச வேகம் 333 போய் 311. பலத்தைக் கொடுத்து, 100-க்கு மேல் 102 என்று இருந்த அந்த இரண்டு புள்ளி முன்னிலையைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆறாம் தலைமுறையில் மெகா ஆகும் திருப்பத்தில் மட்டும் பழைய வேகமே கணக்கு. ஏழாம் தலைமுறையிலிருந்து புதிய வேகம். ஷோடவுன் இந்த நுணுக்கத்தையும் அந்தந்தத் தலைமுறைப்படி சரியாகவே நடத்துகிறது. அதனால்தான் இதை நம்பிப் பரிந்துரைக்க முடிகிறது.

இரட்டையர் ஆட்டத்துக்கு, விஜிசி என்ற அதிகாரபூர்வப் போட்டியின் பழைய விதிகளும் இருக்கின்றன. 2014 உலகப் போட்டியைத் தென்கொரியாவின் செஜுன் பார்க் வென்ற டீமில் எல்லோரும் பச்சிரிசுவைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே டீமில் கார்சாம்ப்பும் டலான்ஃப்ளேமும் இருந்தன. எர்த்குவேக் பக்கத்தில் நிற்கும் சொந்தக் கூட்டாளியையும் அடிக்கும், பறக்கிற கூட்டாளி இருந்தால் அந்தக் கவலை இல்லை. லெவல் 50-இல் இவி இல்லாத எச்பி 183, உச்ச வேகம் 169 என்ற இரண்டு எண்களை மனப்பாடம் செய்துகொண்டால் விஜிசியில் பாதிக் கணக்கு சுலபம்.

ஏழாம் தலைமுறையில், ஆட்டத்துக்கு ஒருமுறை மட்டும் பயன்படும் இசட் மூவ் தவிரப் பெரிய மாற்றமில்லை. எட்டில், 2019-இல் ஸ்வார்ட், ஷீல்ட் வந்தபோது கார்சாம்ப்பே இல்லை; 2020 அக்டோபரில் கிரவுன் டண்ட்ராவோடுதான் வந்தது. வரும்போது ஸ்கேல் ஷாட்டைக் கொண்டுவந்தது. 25 பவர், இரண்டு முதல் ஐந்து அடி, முடிந்ததும் ஸ்பீட் ஒரு படி ஏறும், டிஃபென்ஸ் ஒரு படி இறங்கும். 333 ஒரே மூவில் 499. அவுட்ரேஜில் மாட்டிக்கொண்டு குழம்பி நின்ற காலம் முடிந்தது.

இன்றைய ஒன்பதாம் தலைமுறையில் 102 வேகமே இல்லை. டிராகபுல்ட் 142, ஃப்ளட்டர் மேன் 135, ரோரிங் மூன் 119, அயர்ன் வேலியண்ட் 116. நான்காம் தலைமுறையில் கூட்டத்தை முந்திய அதே எண் இப்போது நடுவில் நிற்கிறது. அதனால் வேலை மாறிவிட்டது: ஸ்டெல்த் ராக்கும் ஸ்பைக்ஸும் போட்டு, ரஃப் ஸ்கின்னால் ஸ்பின் செய்ய வருபவரைக் காயப்படுத்துவது. கூடவே கோல்டெங்கோவை வைத்தால், இவற்றை அகற்றும் டிஃபாகும் செல்லாது, ரேப்பிட் ஸ்பின்னும் படாது. அடிக்க ஆசைப்பட்டால் லோடட் டைஸ் கொடுத்து ஸ்கேல் ஷாட்டை நான்கு அல்லது ஐந்து அடியாக உறுதிசெய்து, ஸ்வார்ட்ஸ் டான்ஸோடு ஆடலாம். வகையை மாற்றும் டெரா வசதியில் ஸ்டீலைத் தேர்ந்தால் அது ஐஸையும் ஃபேரியையும் தாங்க வைக்கும். பதிலுக்கு எர்த்குவேக் வாங்கும் பக்கம் நீங்களாகிவிடுவீர்கள், அதைக் கவனித்து டெரா செய்யுங்கள்.

ஆட்டத்தின்போது எதிராளியின் போகிமானைப் போனில் அழுத்திப் பிடித்தால் அதன் வேக வரம்பு தெரியும். ஸ்பீடை ஏற்றிக்கொள்ளாத எதிர்க் கார்சாம்ப் 333-க்கு மேல் போகிற ஒன்றை முந்திவிட்டால், அதன் கையில் வேகம் கூட்டும் சாய்ஸ் ஸ்கார்ஃப் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

குறைகளைச் சொல்லியாக வேண்டும். முகப்பு முழுக்க ஆங்கிலம், தமிழ் இல்லை. ஏன் தோற்றீர்கள் என்று அது சொல்லித்தராது, ரீப்ளேயைச் சேமித்து நீங்களே பார்க்க வேண்டும். போன் திரையில் மூவ் பொத்தானும் மாற்றும் பொத்தானும் நெருக்கம், விரல் தவறினால் ஆட்டம் போச்சு; எதிராளி தேர்வு செய்வதற்குள் கேன்சல் அழுத்தினால் தப்பிக்கலாம். பழைய தலைமுறை லாடர்களில் நம் ஊர்ப் பகல் நேரத்தில் ஆள் கிடைப்பது கஷ்டம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 8 மணி என்றால் இங்கே விடிகாலை 5.30 அல்லது 6.30, அந்த நேரத்தில் தேடுங்கள்.

இணைப்பு அறுந்தால் டைமர் ஓடிக்கொண்டே இருக்கும். அதே பெயரில் சீக்கிரம் திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து ஆடலாம், தாமதித்தால் தோல்வி. மாட்டுத்தாவணியிலிருந்து திருமங்கலம் போகும் பஸ்ஸில் ஆடுவதென்றால் லாடர் வேண்டாம், டீமைத் தளமே தரும் ரேண்டம் பேட்டில் போதும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்துகிற நாளில் வைஃபையை நம்ப வேண்டாம். எதிர்சேவை அன்று தல்லாகுளம் பக்கம் கூட்டத்தில் எந்த நெட்வொர்க்கும் திணறும். அமைப்பில் 3டி உருவங்களை நிறுத்தி 2டியாக்கினால் டேட்டாவும் மிச்சம், பழைய போனும் சூடாகாது.

ஒன்பதாம் தலைமுறை விளையாட்டுகளான ஸ்கார்லெட், வயலட் வைத்திருப்பவர்கள் ஷோடவுனில் தேறிய கார்சாம்ப்பை விளையாட்டுக்குள் கொண்டுபோகச் செலவு உண்டு. ஒரு எண்ணின் இவியை 252 ஆக்க 26 வைட்டமின், விளையாட்டுப் பணத்தில் ஒன்று 10,000. அட்டாக், ஸ்பீட் இரண்டுக்கும் சேர்த்து 5,20,000. நேச்சரை மாற்றும் ஜாலி மின்ட் 20,000. ரஃப் ஸ்கின் இல்லாமல் பிடித்திருந்தால் எபிலிட்டி பேட்ச் தேட வேண்டும், அது ஆறு நட்சத்திர ரெய்டில் (கூட்டுச் சண்டையில்) விழும். அவ்வளவையும் செலவழிக்கும் முன் இவி பங்கீட்டை ஷோடவுனில் ஆடி உறுதிசெய்துகொள்ளுங்கள்.