பெங்களூரு ஜே.சி. ரோட்டில் கேம்ஷாஃப்ட் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

பழைய மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கும் வீட்டிலேயே எஞ்சின் வேலை பார்க்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரைச் சொல்லவில்லை. ஏமாற்றிய விதத்தை மட்டும் ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே வேலையை வேறு கடையிலும் செய்வார்கள்.

வண்டி அப்பாவுடையது. 1998 மாடல், கார்புரேட்டர் எஞ்சின், 796 சிசி, மூன்று சிலிண்டர், ஆறு வால்வு. அவர் இருந்தவரை மாதம் தவறாமல் ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரி போய்வந்த வண்டி, அதனால் விற்க மனசு வரவில்லை, எஃப்சி (தகுதிச் சான்று) புதுப்பித்து கிரீன் டாக்ஸும் கட்டி வைத்திருக்கிறேன். ஆறு மாதமாக டேப்பெட் சத்தம், அதாவது வால்வ் இடைவெளி கூடினால் வரும் டக்டக் சத்தம். எத்தனை முறை செட் பண்ணினாலும் ஒரே வாரத்தில் திரும்ப வந்தது, ஏற்றத்தில் இழுவையும் இல்லை. மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தால் கேமில், அதாவது சுழன்று வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தண்டில், இரண்டு லோப் (வால்வைத் தள்ளும் முட்டை வடிவப் புடைப்பு) மூக்கு மழுங்கிப் போயிருந்தது. சரி, இவ்வளவு தூரம் திறக்கிறோம், வால்வ் ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்று ஜே.சி. ரோட்டுக்குப் போனேன்.

2014-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்ட வண்டி, முதல் மூன்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். நாலாவது ஓர் உள்சந்துக் கடை. நான் பேசிய கன்னடத்தைக் கேட்டதுமே, "அண்ணா தமிழா? எந்த ஊரு?" என்றார். கிருஷ்ணகிரிப் பக்கம் என்றேன், அவருக்குத் தர்மபுரியாம். டீ வந்தது. பரணிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, "கம்பெனி ஐட்டம்ணா, பழைய ஸ்டாக், ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, உங்களுக்குன்னா 2,800" என்றார். கேம் கறுகறுவென்று எண்ணெய் பூசிப் புதிதாகத்தான் இருந்தது. ஆறு ஸ்பிரிங் தனியாக 600. பில் கேட்டேன். "பில் போட்டா பதினெட்டு பர்சென்ட் சேரும், எதுக்குண்ணா வீணா?" என்றார். 2025 செப்டம்பரில் உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததே, அந்தப் பதினெட்டைத்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன். அங்கேதான் கோட்டை விட்டேன். கையில் கிடைத்தது 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு, அதில் கடைப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. பெட்டியிலும் எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், வருஷம் எதுவும் இல்லை, அதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

லிங்கராஜபுரத்தில் எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. ஹெட்டை இறக்காமலேயே ஸ்பிரிங்கை மாற்றலாம், ஸ்பார்க் பிளக் துளை வழியாக நைலான் கயிற்றை உள்ளே விட்டு, கிராங்கைக் கையால் திருப்பிப் பிஸ்டனை மேலே கொண்டுவந்தால் கயிறு வால்வைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் ஸ்பிரிங்கை அமுக்கி வால்வ் லாக்கை எடுக்கலாம். லோப் தள்ளுவதை வால்வுக்குக் கடத்தும் ராக்கர் ஆர்மில் தேய்ந்திருந்த இரண்டை மாற்றினேன், லோப் ஒவ்வொன்றிலும் அசெம்பிளி பேஸ்ட் தடவினேன், புது ஆயில், புது ஃபில்டர். என் பக்கம் ஒரு குறை வைக்கவில்லை. ஒன்றே ஒன்று இடித்தது. டேப்பெட் செட் பண்ணும்போது ஸ்க்ரூவை முன்பு இருந்ததைவிட ரொம்ப உள்ளே இறக்க வேண்டியிருந்தது, லாக் நட்டுக்கு மேலே எப்போதும் நீட்டிக்கொண்டு நிற்கும் மரை இப்போது கொஞ்சமே தெரிந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

640 கிலோமீட்டர் ஓடியது. அப்புறம் அதே சத்தம், முன்பைவிட மோசமாக. திறந்தால் மூன்றாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் லோப் பாதி கரைந்திருந்தது. ஆயிலை வடித்தபோது சட்டியில் வெள்ளி பெயிண்ட் கலக்கிய மாதிரி மினுமினுத்தது. வயிறு கலங்கிவிட்டது எனக்கு.

கேமைக் கழற்றி ஜாலஹள்ளியில் இருக்கும் மாமாவிடம் கொண்டுபோனேன். எச்.எம்.டி.யில் கிரைண்டிங் மெஷினில் முப்பது வருஷம் நின்றவர். தின்னரில் நனைத்த துணியால் ஒரு துடை துடைத்தார், கறுப்பு முழுக்கத் துணியோடு வந்துவிட்டது. புது கேமில் வரும் கறுப்பு இரும்போடு ஒட்டிய பாஸ்பேட் பூச்சு, தின்னருக்கெல்லாம் போகாது, இது வெறும் ஸ்ப்ரே பெயிண்ட். பிறகு ஒரு பொடி அரத்தை எடுத்து, முதலில் என் பழைய கேமின் லோபில் வைத்துத் தள்ளினார், கண்ணாடியில் போவது போல வழுக்கிக்கொண்டு போனது. இதில் வைத்தார். கடித்தது. "புதுசு இல்லப்பா இது, தேஞ்சுபோன கேமை மறுபடி கிரைண்ட் பண்ணி விட்டிருக்கான்" என்றார். வார்க்கும்போது லோப் இருக்கும் இடத்தை மட்டும் சட்டென்று குளிர வைத்துக் கெட்டிப்படுத்துவார்களாம், அந்தக் கெட்டி மேலே கொஞ்ச ஆழத்துக்குத்தான் இருக்கும், அதைத் தாண்டிச் சாணை பிடித்தால் உள்ளே இருப்பது மெத்து இரும்பு. மூக்கு உயரம் திரும்ப வர வேண்டுமென்றால் அடிவட்டத்தையும் (லோபில் மூக்கு தவிர்த்த வட்டப் பகுதி) குறைத்தாக வேண்டும், அதனால்தான் என் ஸ்க்ரூ அவ்வளவு உள்ளே போயிருக்கிறது. மைக்ரோமீட்டர் வைத்தோம், பழையதைவிட அடிவட்டம் 0.9 மில்லிமீட்டர் குறைவு. ரீகிரைண்ட் கேம் விற்பது குற்றமில்லை, சொல்லிவிட்டு அதற்குரிய விலைக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். புதிது என்று சொல்லி விற்றதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஸ்பிரிங் ஆறையும் கண்ணாடித் தட்டில் வரிசையாக நிற்க வைத்தோம், அதில் இரண்டு மற்றவற்றைவிட ஒன்றரை மில்லிமீட்டர் குட்டை, ஒன்றின் அடியில் ஏற்கெனவே எங்கோ உட்கார்ந்து தேய்ந்த பளபளப்பு.

கடைக்குத் திரும்பப் போனேன். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது அவருக்கு, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் வாயைத் திறந்தவர் முழுக்கக் கன்னடத்தில்தான் பேசினார், நான் தமிழில் கேட்கக் கேட்க, புரியாதவர் மாதிரி கன்னடத்திலேயே பதில். வீட்டில் நீங்களாக மாட்டினால் வாரண்டி கிடையாது, ஆயில் இல்லாமல் ஓட்டியிருப்பீர்கள், இது எங்கள் கடைச் சீட்டே இல்லை. பணம் போனதைவிட அந்த மொழி மாற்றம்தான் இன்றுவரை உறுத்துகிறது, ஊர் கேட்டு டீ வாங்கிக் கொடுத்த அதே ஆள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். கடைக்காரர் சமாதானத்துக்கு வரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும், பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. பில் இல்லாத எனக்குக் கையில் இருக்கிற சாட்சி யூபிஐயில் 3,400 அனுப்பிய பதிவு மட்டும்தான். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதுவும் இருந்திருக்காது. அதே சந்தில் வாங்கி இதே மாதிரி ஆனவர்கள் இருந்தால், அந்த எஸ்டிமேட் சீட்டையும் கழற்றிய பாகத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எனக்கு எழுதுங்கள்.

புது கேம் போன வாரம் கிடைத்தது, அதே ஜே.சி. ரோட்டில்தான், மெயின் ரோட்டு மேலேயே இருக்கும் கடை. இந்த முறை பழைய கேமையும் அளக்க வெர்னியர் காலிபரையும் பையில் எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரப் பெரியவர் இரண்டையும் கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "அளந்து பாருப்பா, அவசரமில்ல" என்றார், அளந்து முடித்த பிறகுதான் ஜிஎஸ்டி பில் போட்டார். ஆனால் அதை இன்னும் மாட்டவில்லை. அந்த இரும்புப் பொடி எஞ்சின் முழுக்க ஓடியிருக்கிறது, சம்ப்பை (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறக்கி, ஆயில் ஸ்ட்ரெய்னர் சல்லடையைக் கழுவி, பேரிங்கைப் பார்க்காமல் மாட்டினால் இதுவும் போய்விடும். அதுவரை அப்பாவின் வண்டி பார்க்கிங்கில் ஜாக் ஸ்டாண்டின் மேல் நிற்கிறது.