பிரியாவிடைக் குழுப்படம்: ஸ்ரூடியோவிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும்

பிரியாவிடை என்றால் கேக்கைப் பற்றியும் மேடைச் சோடனையைப் பற்றியும் வகுப்பு நாட்கணக்கில் பேசும். குழுப்படத்துக்கு மட்டும் ஸ்ரூடியோவுக்கு ஒரு கோல் எடுத்தால் போதும் என்று விட்டுவிடும். சிற்றுண்டி அன்றைக்கே முடிந்துவிடுகிறது. இருபது வருடம் கழித்தும் ஆட்கள் தேடிக் கேட்பது படத்தைத்தான். மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கு ஸ்ரூடியோக்கள் செய்துகொடுக்கும் குழுப்படச் சேவையைப் பற்றியது இந்த மதிப்பீடு. படம் எடுத்தல், பெயர் போடுதல், 8க்கு 12 அல்லது 12க்கு 18 அங்குலத்தில் அச்சு, லமினேற் அல்லது பிரேம் என்று எல்லாம் சேர்ந்தே வரும். படப்பிடிப்பு இப்போது நன்றாக இருக்கிறது, அச்சு கடைக்குக் கடை மாறுகிறது, பெயர் வரிசை பெரும்பாலும் ஏமாற்றுகிறது. கோப்பைக் கையளிப்பதை யாரும் ஒரு வேலையாகவே எடுப்பதில்லை.

முதலில் நேரம். நன்றித் திருப்பலி 7.30க்குத் தொடங்கினால் மறையுரை, காணிக்கைப் பவனி, இறுதி ஆசீர் எல்லாம் முடிய 9 மணியாகும். அதன்பிறகு மண்டபத்தில் உரைகள், மாணவர் தலைவர் பொறுப்புக் கையளிப்பு, பாட்டு, சாப்பாடு. ‘எல்லாம் முடிய எடுப்போம்’ என்று வைத்தால் நண்பகல் வெயிலில் கண்குழிகள் இருண்டுவிடும். முகங்கள் அழுது வீங்கியிருக்கும், சட்டைகள் வேர்த்திருக்கும். திருப்பலி முடிந்த கையோடு, மண்டபத்துக்குள் போகுமுன் எடுத்துவிட வேண்டும். அந்த நேரம் வெயில் கிழக்கே நிற்பதால் கட்டடத்தின் மேற்குப் பக்கத்தில் நல்ல நிழல் இருக்கும். அங்கே சுவருக்கு முதுகு காட்டி நிறுத்தினால் திறந்த வானத்து வெளிச்சம் எல்லா முகத்திலும் ஒரே அளவாக விழும். மாதா கெபியையோ நுழைவாயிலையோ பின்னணியாகக் கேட்பது நியாயமான ஆசைதான். ஆனால் அது கிழக்கு நோக்கியிருந்தால் காலையில் நாற்பது பேரும் கண்ணைச் சுருக்குவார்கள். முதல் நாள் அதே நேரத்துக்கு ஒருவர் போய் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து வைக்கட்டும். மரநிழலை நம்ப வேண்டாம்: இலைக்கிடையால் இறங்கும் வெயில் வெள்ளைச் சீருடையில் பொட்டுப்பொட்டாகத் தெரியும்.

மாணவர் 40, ஆசிரியர் 8 என்றால் 12 பேராக 4 வரிசை. நடுக் கதிரையில் அதிபர், இரு பக்கமும் பிரதி அதிபர், பகுதித் தலைவர், வகுப்பாசிரியர், பாட ஆசிரியர்கள், ஓரங்களில் மாணவர் தலைவர்கள். இரண்டாம் வரிசை நிலத்தில் நிற்கும், மூன்றாவது வாங்கில். நான்காவது வரிசையை மேசைமேல் ஏற்றுவதை நாங்கள் ஏற்கமாட்டோம். ஒரு மேசை ஆடினால் வரிசையே சரியும். படிக்கட்டு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் ஒரு வரிசையைக் கதிரைகளுக்கு முன்னால் பாயில் இருத்துங்கள். 12 கதிரை நெருக்கமாகப் போட்டால் ஆறரை மீற்றர் வரும், ஓர இடைவெளியோடு 7 மீற்றர். முழுச் சட்டகக் கமராவில் (35 மில்லிமீற்றர் பிலிம் அளவு உணரி உள்ளது) 50 மில்லிமீற்றர் வில்லை என்றால் படப்பிடிப்பாளர் 10 மீற்றர் பின்னுக்குப் போக வேண்டும். இடமில்லை என்று 24 மில்லிமீற்றருக்கு மாறி 5 மீற்றரில் நின்று எடுத்தால் ஓரத்தில் நிற்பவர்களின் தலையும் தோளும் பக்கவாட்டில் இழுபட்டுப் போகும். ஓரத்தில் நிற்கும் பிள்ளைக்கும் அது ஒரே படம்தான். ஆகவே இடத்தைத் தெரிவு செய்யும்போதே முன்னால் 10 மீற்றர் வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். வில்லைத் துவாரம் எஃப் 8, இரண்டாம் வரிசையில் குவியம், தாங்கியில் கமரா, குறைந்தது 10 படங்கள். 48 பேரில் யாராவது ஒருவர் கண் மூடுவது நிச்சயம். நல்ல ஸ்ரூடியோ வேறொரு படத்திலிருந்து திறந்த கண்ணை எடுத்துப் பொருத்தித் தரும்.

பாதரின் அங்கி, சிஸ்ரரின் உடை, மாணவர் சீருடை எல்லாம் வெள்ளை என்பதால் வேறு படங்களில் வராத சிக்கல் இங்கே வருகிறது. கமராவைத் தானியங்கியில் விட்டால் அத்தனை வெள்ளையையும் சாம்பலாக்கி முகங்களை இருட்டாக்கும். பிறகு கணினியில் வெளிச்சம் கூட்டும்போது சட்டை மடிப்பும் பொத்தானும் மறைந்து வெறும் வெள்ளைத் தாள் போலாகிவிடும். ரோ கோப்பாக (கமரா சுருக்காமல் பதியும் மூலக் கோப்பு) எடுத்து, துணியின் மடிப்பு தெரியும் அளவில் நிறுத்தி, முகத்தின் வெளிச்சத்தை மட்டும் தனியாக உயர்த்துவதே சரி. கூடவே, தோலை வெளுப்பாக்கும் வேலை வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள். கேட்காமலே செய்கிறார்கள். பிள்ளைகளின் சொந்த நிறத்தை மாற்ற யாருக்கும் உரிமையில்லை.

இந்தச் சேவை தோற்கும் இடம் பெயர் வரிசை. வரவு இடாப்பைப் படமெடுத்து ஸ்ரூடியோவுக்கு அனுப்புவதுதான் வழக்கம். இடாப்பு ஒரு ஒழுங்கில் இருக்கும், பிள்ளைகள் உயரப்படி நின்றிருப்பார்கள். கணினியில் இருப்பவருக்கு யாரையும் தெரியாது. ஒரு பெயர் தவறினால் அந்த வரிசையில் மிச்சப் பேர் எல்லாரும் ஒவ்வொரு இடம் தள்ளிப் போய்விடுவார்கள். இதற்கு மாற்று மிக எளிது. கடைசிப் படம் எடுத்ததும் ஒருவரும் அசையாமல் நிற்க, ஒருவர் கைபேசியில் வீடியோ ஓடவிட்டு இடமிருந்து வலமாக ஒவ்வொரு வரிசையாகப் போக வேண்டும். ஒவ்வொருவரும் முதலெழுத்தோடு பெயரைச் சொன்னால் நாலு நிமிடத்துக்குள் முடியும். அதைப் பார்த்தே பட்டியலைத் தட்டச்சு செய்யுங்கள். ஒரே வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் முதலெழுத்துத்தான் காப்பாற்றும். அன்று வராதவர்களுக்கு ‘படத்தில் இல்லாதோர்’ என்று அடியில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

அடுத்தது எழுத்துரு. நீங்கள் யூனிகோட்டில் அனுப்புவீர்கள், கடையில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு பாவிப்பார்கள். யூனிகோட் பெயரைப் போட்டோசொப்பில் அப்படியே ஒட்டினால் பழைய அமைப்புகளில் ‘கோ’, ‘ஜெ’, ‘யோ’ போன்றவற்றின் கொம்பு இடம் மாறி நிற்கும். எழுத்தமைப்புத் தெரிவைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றினால் சரியாகும், அல்லது பாமினிக்கு மாற்றித் தரச் சொல்லலாம். எதுவானாலும் அச்சுக்கு முன் சோதனைத் தாள் ஒன்றை எடுத்து, வகுப்பாசிரியரும் ஒரு மாணவரும் தனித்தனியாக வாசித்துக் கையொப்பமிட வேண்டும். சோதனைத் தாள் தர மறுக்கும் கடைக்கு வேலை கொடுக்காதீர்கள். எங்கள் முதல் நிபந்தனை அதுதான்.

அளவில் 12க்கு 18 எடுப்பது நல்லது. 12 பேர் வரிசையில் ஒரு முகம் அதில் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் அகலம் வரும், 8க்கு 12இல் 7 மில்லிமீற்றர்தான். பெரியதைச் சுருக்கியே சின்னதை அடிப்பதால் பெயர் எழுத்தும் மூன்றில் ஒரு பங்கு சிறுத்து வாசிக்க முடியாமல் போகும். சின்ன அளவுக்குப் பெயர்ப்பட்டியைத் தனியாக அமைக்கச் சொல்லுங்கள். 10க்கு 12 கேட்டால் பக்கங்கள் வெட்டுப்படும், ஓரத்தில் நிற்பவர் போய்விடுவார். லமினேற்றில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று சாய்த்துப் பாருங்கள். வாவிக் காற்றும் மாரி ஈரமும் உள்ள ஊரில் ஓரம் திறந்த லமினேற் சீக்கிரம் பிரியும். பிரேம் என்றால் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் மவுண்ட் அட்டை வேண்டும், இல்லையேல் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டும். கழற்றும்போது முகம் உரியும்.

கோப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாவலடி, கல்லடி, கல்முனைக் கரையோர வீடுகள் போனபோது சுவரில் இருந்த படங்களும் போயின. யுத்தத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கும் அதே இழப்பு. ஆகவே திருத்தி முடித்த முழு அளவுக் கோப்பு பாடசாலை அலுவலகத்துக்கு ஒன்று, பழைய மாணவர் சங்கத்துக்கு ஒன்று, வகுப்பிடம் ஒன்று இருக்க வேண்டும். 12க்கு 18 நன்றாக அச்சாக 5400க்கு 3600 பிக்சல் தேவை. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே வரும். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி போல 1873இல் தொடங்கிய ஒரு பாடசாலைக்கு இந்தக் கோப்புகள்தான் நாளைய சுவடிகள்.

நாளைக் குறிக்கும்போது மாரியை மறக்க வேண்டாம். நவம்பரும் டிசம்பரும் இங்கே கடும் மழை. 2024 நவம்பர் இறுதியில் வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டது. ஒக்ரோபர் முற்பகுதியில் எடுத்து, மழைக்கு மாற்று நாளையும் முற்பணச் சிட்டையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மண்டபத்துக்குள் எடுக்க நேர்ந்தால் மேடைத் திரையிலிருந்து தள்ளி நிறுத்துங்கள், சிவப்புத் திரையின் சாயல் வெள்ளைச் சட்டையில் ஏறும்.

  

பணத்தில் பாதியை முற்பணமாகவும் மிச்சத்தைச் சோதனைத் தாளில் உள்ள பெயர்களை அச்சோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகும் கொடுங்கள். பிரதி எண்ணிக்கையில் வகுப்புத் தொகைக்கு மேல் குறைந்தது ஐந்து கூட்டிச் சொல்லுங்கள், தனியாகப் பிறகு அடித்தால் நிறம் மாறும். விடுகைப் பத்திரமும் நற்சான்றிதழும் வாங்க எல்லாரும் அலுவலகத்துக்கு வந்தே ஆக வேண்டும். வராதவர்களின் படங்களைப் பெயர் எழுதிய உறையில் அங்கேயே வைத்துவிட்டால் ஒருவருக்கும் தவறாது.