"ராயல்டி வாங்கித் தருகிறோம்" என்று வரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

பக்திப் பாடல், நாட்டுப்புறப் பாட்டு, தனி ஆல்பம் என்று எழுதுகிறவர்களுக்கு இப்போதெல்லாம் அடிக்கடி ஒரு போன் வருகிறது. "உங்க பாட்டு ஸ்பாட்டிஃபைலயும் ஜியோசாவன்லயும் ஓடிட்டிருக்கு சார். உங்களுக்கு வர வேண்டிய ராயல்டி கேட்பாரில்லாம கிடக்கு. நாங்க வசூல் பண்ணித் தர்றோம்." பதிவுக் கட்டணம் 9,000 ரூபாய், வசூலாவதில் 20 சதவீதம் கமிஷன். தென்மாவட்டத்துப் பாடலாசிரியர் ஒருவர் தன் எட்டு முருகன் பாடல்களுக்காக இப்படி ஒரு நிறுவனத்திடம் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடம் கழித்து அவருக்கு வந்தது 1,140 ரூபாயும், "மொத்த ராயல்டி" என்று ஒரே வரி போட்ட ஸ்டேட்மென்ட்டும். அவருடைய சம்மதத்தோடுதான் அந்த ஒப்பந்தத்தில் இருந்ததையும் அதை வைத்து நடந்ததையும் இங்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இதே முறையில் வேறு பெயர்களிலும் வருகிறார்கள் என்பதால் முறையைத் தெரிந்துகொள்வதுதான் உதவும்.

முதலில் இந்த 1,140 ரூபாய் எதற்கான பணம் என்று பார்க்க வேண்டும். வெளியான ஒரு பாட்டில் தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. பதிவு செய்த ஒலி ஒன்று. தொழிலில் அதை மாஸ்டர் என்பார்கள். அதற்குள் இருக்கும் வரிகள் இன்னொன்று, மெட்டு மற்றொன்று. பாட்டைத் தளங்களில் ஏற்றும் டிஸ்ட்ரிபியூட்டர் மாதாமாதம் காட்டும் பணம் மாஸ்டருக்கு உரியது. வரிக்கும் மெட்டுக்கும் உரிய பணம் அந்த வழியில் வருவதில்லை. இந்தியாவில் அதை வசூலித்துப் பிரித்துக் கொடுப்பது ஐபிஆர்எஸ் என்ற பதிப்புரிமைச் சங்கம். 1969-ல் தொடங்கியது, மும்பையில் தலைமை அலுவலகம், 2017 நவம்பரில் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் மறுபடி பதிவு பெற்றது. பாடலாசிரியருக்கு வந்த 1,140 ரூபாய் முழுக்க மாஸ்டர் பணம். அந்த ஆல்பத்துக்குச் செலவழித்தவர்கள் அவரும் இசையமைத்த நண்பரும் என்பதால் அது ஏற்கெனவே அவர்களுடைய பணம்தான். அதில் 20 சதவீதம் கழித்துக்கொண்டு, "ராயல்டி வசூலித்தோம்" என்று காட்டிவிட்டார்கள். பாடல் வரிகளுக்காக அவருக்கு ஒரு பைசா வரவில்லை.

அப்படியானால் 9,000 ரூபாய்க்கு என்ன செய்தார்கள்? "ஐபிஆர்எஸ் பதிவு" என்று ரசீதில் எழுதியிருக்கிறது. பதிவும் நடந்திருக்கிறது. ஆனால் உறுப்பினராகச் சேர்ந்தது அவரில்லை. உரிமையாளர் என்ற வகையில் ஏற்கெனவே உறுப்பினராக இருந்த நிறுவனம், எட்டுப் பாட்டையும் தன் கணக்கில் ஏற்றிவிட்டது. பாட்டின் உரிமை ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தால் பங்கு இப்படிப் பிரியும்: உரிமையாளருக்கு 50, பாடலாசிரியருக்கு 25, இசையமைப்பாளருக்கு 25. பாதி, நேராக நிறுவனத்துக்கு. பாடலாசிரியரின் பெயருக்கு எதிரே, சங்கங்கள் ஒருவரை அடையாளம் காணப் பயன்படுத்தும் ஐபிஐ எண் இல்லை, ஏனென்றால் அவர் உறுப்பினரே இல்லை. போதாததற்கு எட்டுப் பாட்டில் அவர் இனிஷியல் மூன்று இடத்தில் முன்னால், மற்ற இடங்களில் பின்னால், ஒரு பாட்டில் இனிஷியலே காணோம். சங்கத்தின் கம்ப்யூட்டருக்கு இவர்கள் எல்லாம் வெவ்வேறு ஆட்கள். இசையமைப்பாளர் நிலைமை இன்னும் மோசம். இரண்டு பாட்டு காவடிச் சிந்து சாயலில் இருந்ததால் மெட்டு என்ற இடத்தில் "பாரம்பரியம்" என்று போட்டுவிட்டார்கள். அந்த ஒரு சொல்லால் அந்த இரண்டு பாட்டிலும் அவர் பங்குக்கு உரியவர் யாரும் இல்லை என்றாகிவிட்டது.

ஒப்பந்தத்தில் நாலாவது பத்தி: "ஆசிரியர் தனக்கு உரிய அனைத்து ராயல்டி உரிமைகளையும், இன்று உள்ளதும் இனி வரப்போவதுமான எல்லா ஊடகங்களுக்கும், உலகம் முழுவதற்கும், பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும் நிறுவனத்துக்கு ஒப்படைக்கிறார்." இதை நிதானமாகப் பாருங்கள். பதிப்புரிமைக் காலம் என்பது எழுதியவரின் ஆயுளும் அதற்கு மேல் 60 வருடமும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாமல் விட்டிருந்தால் 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு அதை 5 வருடமாக எடுத்துக்கொள்ளும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். எழுதியவருக்குச் சாதகமான அந்த இரண்டு கதவையும் மூடத்தான் "காலம் முழுமைக்கும், உலகம் முழுவதற்கும்" என்று எழுதுகிறார்கள்.

ஆனால் அந்தப் பத்தியில் சட்டத்துக்கு எதிரானதும் இருக்கிறது. 2012 ஜூன் 21-ல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பாட்டின் உரிமையை எழுதிக் கொடுத்தாலும், உரிமை வாங்கியவரோடு ராயல்டியைச் சரிபாதியாகப் பெறும் உரிமையை எழுதியவரும் மெட்டமைத்தவரும் விட்டுக்கொடுக்க முடியாது. சட்டப்படியான வாரிசுகளுக்கோ, வசூலித்துத் தருவதற்காகப் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதைக் கொடுக்கலாம். மீறி எழுதினால் அந்த ஷரத்து செல்லாது. சினிமாப் பாட்டுக்கும் இது பொருந்தும். தியேட்டரில் படத்தோடு சேர்ந்து ஓடும்போது மட்டும் ராயல்டி கிடையாது. தனி ஆல்பத்துக்கு அந்த விலக்கும் இல்லை. "இனி வரப்போகும் எல்லா ஊடகம்" என்ற பொத்தாம்பொதுவான வரியும் நிற்காது. கையெழுத்தான காலத்தில் வழக்கத்தில் இல்லாத ஊடகம் என்றால் அதைப் பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். செல்லாத ஷரத்து என்றாலும் நீங்கள் எழுந்து கேட்கும் வரை பணம் அவர்கள் கணக்குக்குத்தான் போய்க்கொண்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொரு விதமாகவும் செய்கிறார்கள். உங்களையே உறுப்பினராகச் சேர்ப்பார்கள், ஆனால் விண்ணப்பத்தில் மெயிலும் போன் நம்பரும் அவர்களுடையது. ஓடிபி அவர்களுக்குப் போகும், பங்கீட்டு விவரம் அவர்களுக்குப் போகும், வங்கிக் கணக்கை மாற்றக்கூட நீங்கள் அவர்களைக் கெஞ்ச வேண்டும். சங்கம் உறுப்பினரின் கணக்குக்கே நேராகப் பணம் அனுப்புகிறது. நடுவில் ஒரு கணக்கு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணுக்கு 26ஏஎஸ் என்ற வரிப்பிடித்த விவரத்தை எடுத்துப் பார்த்தால் யார் உங்கள் பெயரில் வரி பிடித்திருக்கிறார்கள் என்பது தெரியும். தொகை சிறியதாக இருந்தால் வரியே பிடித்திருக்க மாட்டார்கள், அதனால் அதில் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

யூடியூப் விஷயத்தில் நடந்ததுதான் அந்தப் பாடலாசிரியருக்கு ஊரில் தலைகுனிவாகப் போனது. நிறுவனம் எட்டுப் பாட்டையும் கன்டென்ட் ஐடியில் ஏற்றியது. மற்றவர்களின் வீடியோவில் உங்கள் ஒலி இருந்தால் தானாகக் கண்டுபிடித்து உரிமை கோரும் யூடியூபின் ஏற்பாடு அது. அதில் ஏற்ற வேண்டுமானால் அந்த ஒலி முழுக்க உங்களுக்கே உரியதாக இருக்க வேண்டும். இந்த ஆல்பத்தில் தம்புராவும் உடுக்கைத் தாளமும் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய லூப் தொகுப்பிலிருந்து, அதாவது முன்பே பதிவு செய்து விற்கும் ஒலித்துண்டுகளிலிருந்து, எடுத்தவை. அதே லூப்பைப் போட்டிருந்த மற்றவர்களின் வீடியோக்கள், பக்கத்து ஊர்க் கோயில் திருவிழா வீடியோ உட்பட, எல்லாவற்றின் மேலும் இவர் பாட்டின் பெயரில் உரிமைக் கோரிக்கை விழுந்தது. திட்டு வாங்கியவர் பாடலாசிரியர், விளம்பரப் பணம் போனது நிறுவனத்துக்கு. உங்கள் வீடியோ மேல் இப்படித் தவறான கோரிக்கை வந்தால் 5 நாளுக்குள் மறுப்புத் தெரிவியுங்கள். அப்போதுதான் முதல் நாளிலிருந்து வரும் வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்தி வைக்கப்படும். கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள் உண்டு.

நேராகச் சேர்வது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை. பான், ஆதார், ரத்து செய்த காசோலை, வெளியான பாட்டின் லிங்க், உங்கள் பெயர் வந்ததற்கான ஆதாரம் இவற்றை வைத்து இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வரி மட்டும் எழுதுகிறவர் ஆசிரியராக, மெட்டும் போடுகிறவர் இரண்டுமாகச் சேர வேண்டும். உறுப்பினரானதும் கிடைக்கும் ஐபிஐ எண்ணைப் பத்திரமாக வையுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகத் தெரிவிக்க வேண்டும், இதைத்தான் நிறையப் பேர் செய்யாமல் விடுகிறார்கள். பாட்டின் பெயர், ஆங்கில எழுத்தில் அது எழுதப்படக்கூடிய வெவ்வேறு விதங்கள், பாடியவர், ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உள்ள 12 எழுத்தெண் கொண்ட அடையாளக் குறியான ஐஎஸ்ஆர்சி, யாருக்கு எத்தனை சதவீதம் என்று எல்லாம் சரியாக இருக்க வேண்டும். "வேல்" என்ற சொல்லை ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் ஒரு 'e', இன்னொரு இடத்தில் இரண்டு 'e' போட்டு எழுதினாலே பொருத்தம் தவறிப் போகும். யாருக்கும் எழுதிக் கொடுக்காத பாட்டுக்கு உரிமையாளர் என்று மூன்றாவது ஆள் கிடையாது. வரியும் மெட்டும்தான் முழுப் பங்கு. பாரதியார் போன்ற பொதுவுடைமையான பாடலுக்கு நீங்கள் புது மெட்டு போட்டிருந்தால் மெட்டுப் பங்கை மட்டும் கேளுங்கள்.

வெளிநாட்டு வசூலைக் காட்டித்தான் கமிஷனை உயர்த்துவார்கள். சிங்கப்பூரில் காம்பஸ், கனடாவில் சோகான், பிரிட்டனில் பிஆர்எஸ் என்று அந்தந்த நாட்டுச் சங்கம் வசூலிப்பது சங்கங்களுக்கு இடையிலான ஒப்பந்தப்படி ஐபிஆர்எஸ் வழியாக உறுப்பினருக்கு வரும். சங்கத்தில் சேரும்போதே அந்த உரிமையைச் சங்கத்துக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். அதே உரிமையை நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுத்தால் ஒரே பாட்டுக்கு இருவர் கேட்பதாக ஆகி, பணம் யாருக்கும் கிடைக்காமல் நிற்கும். அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங்கில் வரிக்கும் மெட்டுக்கும் உரிய ராயல்டியில் ஒரு பகுதியை வசூலிக்கும் எம்எல்சி என்ற அமைப்பு 2021 ஜனவரியிலிருந்து இயங்குகிறது. அதில் சேரக் கட்டணமே இல்லை. அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். பாடகர்களின் ராயல்டி இவற்றிலெல்லாம் சேராது, அதற்கு வேறு சங்கம் இருக்கிறது.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலம் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்தச் சங்கத்தில் எந்தப் பெயரில் எத்தனை சதவீதம் பதிந்தார்கள், ஒவ்வொரு பாட்டின் ஐஎஸ்ஆர்சி என்ன, காலாண்டு வாரியாக எந்தத் தளத்திலிருந்து எவ்வளவு வந்தது. போனில் சொல்கிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதே வாரத்தில் நீங்களே உறுப்பினராக விண்ணப்பித்து, பாட்டுகளின் பங்கை மறுத்து ஒப்பந்த நகலோடு சங்கத்துக்கு எழுதுங்கள். தகராறில் இருக்கும் பாட்டுக்குப் பணம் நிறுத்தி வைக்கப்பட்டால் அதுவே உங்களுக்குப் பாதி பலம். மாஸ்டரை வேறு டிஸ்ட்ரிபியூட்டரிடம் மாற்றும்போது பழைய ஐஎஸ்ஆர்சியையே கொடுங்கள், புது எண் வாங்கினால் இதுவரை ஓடிய எண்ணிக்கை கையை விட்டுப் போகும். புது இடத்தில் பாட்டு ஏறியதை உறுதிசெய்த பிறகே பழைய இடத்திலிருந்து இறக்கச் சொல்லுங்கள். நம்மவர் செய்தது இதைத்தான். எட்டில் ஆறு பாட்டின் பங்கு இப்போது திருத்தப்பட்டிருக்கிறது; "பாரம்பரியம்" என்று போன இரண்டுக்கும் மெட்டமைத்தவரின் முதல் டெமோவும் ஸ்டுடியோ பில்லும் ஆதாரமாகப் போயிருக்கின்றன.