கூடாரப் பயணத்துக்கு எந்த இணையம்: ஹாட்ஸ்பாட்டா, ரவுட்டரா, செயற்கைக்கோளா?

ஏழு பேர் இரண்டு வாகனங்களில் புறப்பட்டு ஐந்து இரவுகளைக் கூடாரத்தில் கழிப்பதாகத் திட்டமிட்டபோது, அடுப்பு, பாய், விளக்கு ஆகியவற்றை ஒரே மாலையில் பட்டியலிட்டு முடித்துவிட்டோம். இணையத்துக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்கத்தான் இரண்டு வாரங்கள் பிடித்தன. எங்களில் இருவருக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரம் அலுவலக வேலை இருந்தது. மற்றவர்களுக்கு வரைபடமும் வீட்டாரோடு ஓர் அழைப்பும் போதும். கைபேசி ஹாட்ஸ்பாட், சிம் போடும் தனி ரவுட்டர், செயற்கைக்கோள் இணையம் என்ற மூன்றில் நாங்கள் ரவுட்டரை வாங்கினோம். இரண்டு பயணங்களுக்குப் பிறகும் அதையே பரிந்துரைக்கிறேன். அதற்கு முதன்மையான காரணம் மின்சாரம்.

ஹாட்ஸ்பாட்டைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கூடுதல் செலவு இல்லை. ஓரிரு இரவுகளுக்கு அதுவே போதும். ஆனால் கைபேசிக் கோபுரம் தொலைவில் இருக்கும் இடத்தில் கைபேசி தன் சக்தியைக் கூட்டி அலைபரப்புவதால் சூடேறி, பேட்டரி விரைவாகக் கரைகிறது. அந்தக் கைபேசிக்கு உரியவர் தண்ணீர் எடுக்கச் சென்றால் எல்லோருடைய இணைப்பும் அவருடனேயே போய்விடும். குழுவில் வெவ்வேறு நிறுவனங்களின் சிம் வைத்திருப்பவர்கள் இருப்பது மட்டும் பெரிய வசதி. எது எங்கே எடுக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும், அந்தச் சிம்மையே ரவுட்டரிலும் போட்டுக்கொள்ளலாம்.

ரவுட்டரின் பலம் வெளியே பொருத்தும் ஆன்டெனாவில் இருக்கிறது. வாகனத்தின் உலோகக் கூடும், உலோகப் பூச்சுள்ள கண்ணாடியும் சிக்னலைப் பலவீனப்படுத்துகின்றன. ஆன்டெனாவைக் கூரை மேலோ ஒரு கம்பத்திலோ ஏற்றினால் அந்த இழப்பு நீங்குகிறது. ஆனால் இதில் பலரும் தவறுவது கேபிளில்தான். மெல்லிய கேபிள், 2600 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டெசிபல் (சிக்னல் வலிமை கூடுவதையும் குறைவதையும் சொல்லும் அளவு) இழக்கிறது. பத்து மீட்டர் இழுத்தால் சிக்னலில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே ரவுட்டரை ஆன்டெனாவுக்கு அருகிலேயே வைத்து, அங்கிருந்து கூடாரம் வரையிலான தூரத்தை வைஃபையிடம் விட்டுவிடுவதே சரி. 700 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகளே தொலைவிலும் மரங்களுக்கிடையிலும் நன்றாகப் பரவுகின்றன என்பதால், போகும் பகுதியில் உங்கள் சேவை நிறுவனம் பயன்படுத்தும் அலைவரிசைகளை ரவுட்டர் ஏற்குமா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் சிக்னல் அளவு டிபிஎம் என்ற அலகில், சுழியத்தை நெருங்க நெருங்க நல்லது என்னும்படியான எதிர்ம எண்ணாகத் தெரியும்: -85க்கு மேல் இருந்தால் கவலையில்லை, -110க்குக் கீழே போனால் அழைப்புகள் திணறும். அந்த எண்ணைப் பார்த்தபடியே கம்பத்தைச் சில அடிகள் நகர்த்தி நட்டுத்தான் நாங்கள் ஒவ்வோர் இடத்திலும் இணைப்பைப் பிடித்தோம்.

இனி மின்சாரம். முதல் பயணத்தில் குளிர்பெட்டியை இரவு முழுவதும் வாகனத்தின் சொந்த பேட்டரியில் ஓட விட்டோம். காலையில் வண்டி கிளம்பவில்லை, இன்னொரு வாகனத்திலிருந்து கேபிள் போட்டுத்தான் கிளப்ப முடிந்தது. வண்டியைக் கிளப்புவதற்கான பேட்டரி சிறிது நேரம் பெரிய மின்னோட்டம் தருவதற்காகச் செய்யப்பட்டது. அதை அடிவரை வடிய விடுவது அதன் ஆயுளையே குறைக்கும். அதன் பிறகு தனியாக 100 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றை வாங்கினோம். 12.8 வோல்ட்டில் அது 1280 வாட் மணி, அதாவது ஒரு வாட் கருவியை 1280 மணி நேரம் ஓட்டும் அளவு. எங்கள் குளிர்பெட்டி நாளொன்றுக்கு 350 வாட் மணி அளவுக்கு எடுக்கிறது. ரவுட்டர் 8 வாட் வீதம் நாள் முழுதும் ஓடினாலும் 192 வாட் மணிதான். விளக்குகளையும் கைபேசி சார்ஜையும் சேர்த்தாலும் இரண்டு நாள் தாங்குகிறது. ஸ்டார்லிங்க் மினி போன்ற சிறிய செயற்கைக்கோள் கருவி 25 முதல் 40 வாட் வரை எடுக்கக்கூடியது; 30 வாட் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு 720 வாட் மணி, குளிர்பெட்டியைப் போல இரு மடங்கு. அதே பேட்டரி ஒரு நாளைத் தாண்டுவதே சிரமம்.

சூரியத் தகடு இதைச் சரிக்கட்டிவிடும் என்று எண்ணலாம். நல்ல வெயிலில் 100 வாட் தகடு நாளுக்கு 300 முதல் 400 வாட் மணி வரை தரும். நிழல் விழுந்தால் அது வெகுவாகச் சரிந்துவிடும். கூடாரமோ நிழலைத் தேடுகிறது. இன்வெர்ட்டர் வழியாக ரவுட்டரை இயக்குவதையும் தவிருங்கள். மாற்றும்போதே ஒரு பங்கு மின்சாரம் வீணாகிறது. பேட்டரியிலிருந்து நேரடியாகக் கொடுப்பதே நல்லது. ஆனால் வண்டி ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தாண்டும் என்பதால், ரவுட்டர் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று அதன் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

செயற்கைக்கோளுக்கும் நியாயம் செய்ய வேண்டும். கோபுரமே எட்டாத இடத்தில் எந்த ஆன்டெனாவும் உதவாது. இல்லாத சிக்னலை அது உண்டாக்குவதில்லை. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதால், 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் பழைய வகைச் செயற்கைக்கோள்களில் வரும் அரை நொடித் தாமதம் இவற்றில் இல்லை. நண்பர் ஒருவரின் கருவியை இரண்டு இரவுகள் மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். திறந்த புல்வெளியில் காணொளி அழைப்பு தடையின்றி ஓடியது. மழையிலோ அடர்ந்த காட்டிலோ அதைச் சோதித்ததில்லை. ஆனால் திறந்த வானம் தேவைப்படும் கருவி மரங்களுக்கடியில் தடுமாறும் என்பது இயல்பு. சில நாடுகளில் இச்சேவைக்கு அனுமதியே இல்லை என்பதையும் எல்லை கடப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

வேலை செய்யும் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் இயக்கினால் அதற்கும் 60 வாட் மணிதான் ஆகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தனியாகவோ இருவராகவோ போகிறவர்களுக்கு அந்தக் கணக்கு சரியாக வரும். ஏழு பேர் இருக்கும் குழுவில், யாரோ ஒருவருக்கு எப்போதும் இணையம் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அடுத்த பயணத்தின் நடுவில் மூன்று நாள் பாதையில் கோபுரமே இல்லை. அந்த மூன்று நாளுக்கு மட்டும் செயற்கைக்கோள் கருவியை வாடகைக்கு எடுத்து, மாலை ஐந்திலிருந்து ஏழு வரை மட்டுமே இயக்குவதென்று புறப்படும் முன்பே எல்லோரிடமும் பேசி முடிவு செய்திருக்கிறோம்.