போர்டிங் பாஸுக்குக் கவுன்டரில் பணம் கேட்டால்: கொடுக்கும் முன் படியுங்கள்

வெப் செக்-இன் (பயணத்தை முன்பே இணையத்தில் உறுதி செய்வது) செய்யாமல் கவுன்டருக்குப் போனால் ஒரு போர்டிங் பாஸுக்கு 200 ரூபாய். இந்தியாவில் சில விமான நிறுவனங்கள் இப்படி வாங்கிக்கொண்டிருந்தன. 2022 ஜூலை 21 அன்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் இதை நிறுத்தச் சொன்னது. 1937ஆம் ஆண்டு விமான விதிகளில் 135ஆம் விதி சொல்லும் கட்டணத்துக்குள் இது வராது, தனியாக வாங்கக் கூடாது என்பது அதன் விளக்கம். யாராவது கேட்டால் இந்த உத்தரவைச் சொல்லுங்கள். அப்படியும் விடவில்லை என்றால் கட்டிவிட்டு ரசீது வாங்குங்கள், ரசீதையும் பி.என்.ஆரையும் (டிக்கெட்டின் முன்பதிவு எண்) வைத்து ஏர்சேவா என்ற அரசுப் புகார் தளத்தில் புகார் பதியலாம். அங்கேயே நின்று சண்டை போட நேரம் இருக்காது. உள்நாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் 60 நிமிடம் முன்பே கவுன்டரை மூடிவிடுகிறார்கள்.

வெப் செக்-இன்னிலும் ஒரு பொறி உண்டு. இருக்கைப் படத்தில் எல்லாவற்றுக்கும் விலை போட்டிருக்கும். பணம் கட்டினால்தான் மேலே போக முடியும் என்று தோன்றும். இருக்கையைத் தேர்ந்தெடுக்காமல் தாண்டிப்போகும் வழி ஏதாவது மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடுங்கள். கிடைக்கவில்லையா, கவுன்டரில் மீதி இருக்கும் இருக்கையை இலவசமாகக் கொடுப்பார்கள்.

ஐரோப்பாவில் அடி இதைவிடப் பலம். அயர்லாந்தின் மலிவுக் கட்டண விமான நிறுவனமான ரயன்ஏர் 2025 நவம்பர் 12 முதல் வீட்டில் அச்சிட்டுக் கொண்டுவரும் தாளை ஏற்பதில்லை; செயலியில் உள்ள பாஸ்தான். ஆன்லைனில் செக்-இன் செய்யாமல் விமான நிலையத்துக்குப் போனால் பெரும்பாலும் தலைக்கு 55 யூரோ. நாலு பேர் குடும்பத்துக்கு 220. புறப்பாட்டுக்கு 2 மணி நேரம் முன்பே ஆன்லைன் செக்-இன் மூடிவிடும்.

இதில் பலர் குழம்பி ஏமாறுவது ஒரே இடத்தில்தான். அந்த 55 யூரோ, செக்-இன் செய்யாததற்கு. போனில் சார்ஜ் போனதற்கோ, போன் தொலைந்ததற்கோ அல்ல. முன்பே செக்-இன் செய்தவருக்கு விமான நிலையத்தில் இலவசமாகவே பாஸ் தருவோம் என்று அந்த நிறுவனமே அறிவித்திருக்கிறது. கவுன்டரில் பேசும்போது "ஆன்லைன் செக்-இன் முடித்துவிட்டேன், போன்தான் வேலை செய்யவில்லை" என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். செக்-இன் முடிந்ததாக வந்த மின்னஞ்சல் உடன் வருபவரின் போனிலும் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

அயர்லாந்திலோ ஜெர்மனியிலோ படிக்கிற நம் பிள்ளைகளுக்கு இன்னொன்று. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ரயன்ஏரில் மொபைல் பாஸ் இருந்தாலும் பாதுகாப்புச் சோதனைக்கு முன் விசா சரிபார்க்கும் கவுன்டருக்குப் போக வேண்டும். தகுந்த ஆவணம் இல்லாதவரை ஏற்றிவந்தால் விமான நிறுவனம் அபராதம் கட்ட வேண்டியிருக்கும், அதனால்தான் இவ்வளவு கறார். நேரே விமானம் ஏறும் கேட்டுக்குப் போய்த் திரும்பி ஓடினால் விமானம் போய்விடும்.

டிக்கெட்டை ஏஜென்ட் போட்டால் அவருடைய மின்னஞ்சலைக் கொடுத்துவிடுவது வழக்கம். செக்-இன் நினைவூட்டல், நேர மாற்றம் எல்லாம் அவருக்குப் போகும், உங்களுக்குத் தண்டம். பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் மின்னஞ்சலும் எண்ணும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்ட் தரும் எண் வேறு, விமான நிறுவனத்தின் 6 எழுத்துப் பி.என்.ஆர். வேறு. செக்-இன் செய்ய அந்தப் பி.என்.ஆர்.தான் வேண்டும்.

பாஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அதிலுள்ள சதுரக் குறியீட்டின் நாலு மூலையும் தெரியவேண்டும்; கேட் மாறினால் அதில் மாறாது என்பதையும் மறக்காதீர்கள். ஸ்கேனரில் வைக்கும்போது திரை வெளிச்சத்தை முழுதாக ஏற்றுங்கள். குறியீட்டின் மேல் திரைக் கீறல் விழுந்திருந்தால், கவுன்டரில் பாஸுக்குக் கட்டணம் வாங்காத விமான நிறுவனமாக இருந்தால் காகிதப் பாஸே வாங்கிவிடுங்கள்.

அலுவலகத்தில் பயணப்படி கேட்கிறவர்கள் பாஸை உடனே பி.டி.எஃப். ஆக இறக்கிவையுங்கள், பயணம் முடிந்தபின் பல செயலிகளில் காணாமல் போகும். கவுன்டரில் தரும் தாள் வெப்பத்தில் எழுத்து வரும் தாள் என்பதால் சில மாதத்தில் வெளுத்துவிடும். அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள்.